குழாயில் வந்த கிதார்

ஆங்கிலம் பேசாத தேசங்களில் 1960-க்கும் 1975-க்கும் இடைப்பட்ட காலத்தில் மின்சாரக் கிதாரைக் கையிலெடுத்த இளைஞர்கள் என்ன வாசித்தார்கள், எந்தப் பாஷையில் பாடினார்கள், அந்தப் பாட்டுகளெல்லாம் பிற்பாடு எங்கே போயின என்று விசாரிக்கப் புகுந்தால், அந்த விசாரணை இஸ்தான்புல், புனோம் பென், சியோல், லுசாகா என்று பல ஊர்களைச் சுற்றிவிட்டு, விருதுநகர் ஜில்லாவின் ஆலங்குளத்தையும் தொட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் வெட்டும் பூமியும், அரசாங்கச் சிமெண்ட் ஆலையும், சுற்று வட்டாரமெங்கும் தீப்பெட்டி ஆபீஸும், பட்டாசு செய்யும் பயர் ஆபீஸுமாக இருக்கிற ஓர் ஊருக்கும், தலைமுடியை நீள வளர்த்த மேல்நாட்டுப் பையன்களின் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, அதுவும் நெருங்கிய சம்பந்தம். அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சங்கீதம் இன்னதென்று சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1960-களின் நடுவில், மீசை அரும்பிய பையன்கள் நாலைந்து பேர் ஒன்றுகூடி, வீட்டுக் கார் கொட்டகையில் கிதாரும் டிரம்ஸும் சிறிய மின்சார ஆர்கனும் வைத்துக்கொண்டு, மூன்று ஸ்வரக்கூட்டுகளுக்கு மேல் அறியாதவர்களாய், அறிந்த அந்த மூன்றையும் முழு ஆவேசத்தோடு வாசித்த முரட்டு இசைக்கு ‘கராஜ் ராக்’ என்று பெயர் ஏற்பட்டது. அதை அடுத்து, 1966, 67 வாக்கில், ஒலியை வளைத்தும் நீட்டியும், எதிரொலிக்க விட்டும், பதிவு நாடாவைப் பின்புறமாக ஓட்டியும், கேட்பவனுடைய மனம் விழிப்புக்கும் கனவுக்கும் நடுவே மிதக்கும்படி செய்ய முயன்ற இசை ‘சைகடெலிக் ராக்’ எனப்பட்டது. சிதார் முதலிய நம்முடைய வாத்தியங்களின் ரீங்காரத்தை அந்த இசை ஆசையோடு தழுவிக்கொண்டது என்பதும், 1968-ல் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேசத்துக்கு வந்து தங்கினார்கள் என்பதும் பலரும் அறிந்த சங்கதிகள்.

இவ்விரண்டு வகை இசைக்கும் உயிர்நிலையாக இருந்தது ஒரு பழுது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டொன்று பதிவானபோது, பதிவு மேஜையில் இருந்த கோளாறு காரணமாகக் கிதாரின் நாதம் வண்டு இரைவதுபோலக் கரகரத்து விழுந்தது. 1961-ல் வெளிவந்த அந்தத் தட்டை ஜனங்கள் விரும்பிக் கேட்கவே, அந்தக் கரகரப்பை வேண்டியபோது உண்டாக்கிக் கொடுக்கும் சின்னஞ்சிறு பெட்டி ஒன்று மறு வருஷமே கடைக்கு வந்துவிட்டது. லண்டனில் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர், பெட்டிக்குக் காத்திராமல், தம்முடைய ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவர பிளேடால் கீறி, அந்தக் கிழிந்த கூம்பின் வழியே வந்த சப்தத்தையே 1964-ல் தட்டில் ஏற்றினார். இப்படி உடைந்ததும் கிழிந்ததுமான ஒரு நாதத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கிறது.

இந்த நாதம் கடல் கடந்து போனபோது முதலில் விளைந்தது நகல்தான். எந்த தேசத்துப் பையனும் ஆரம்பத்தில் ஆங்கிலப் பாட்டையே, பொருள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும், பாடிப் பார்த்தான். ஆனால் நகல் எங்கே நின்றது, சொந்தம் எங்கே தொடங்கியது என்று பார்க்கும்போதுதான் இந்தச் சரித்திரம் ருசிக்கத் தொடங்குகிறது. துருக்கி தேசத்தில் ‘ஹுரியத்’ என்ற தினசரிப் பத்திரிகை 1965-ல் ‘தங்க மைக்ரோபோன்’ என்று ஒரு போட்டியை ஏற்படுத்தியது. வாத்தியங்கள் மேல்நாட்டு வாத்தியங்களாக இருக்கட்டும். ஆனால் பாட்டு துருக்கி பாஷையில் இருக்க வேண்டும். அது சொந்த மெட்டாகவோ, நாட்டுப்புற மெட்டின் புது வடிவமாகவோ இருக்கலாம் என்பது அதன் விதி. ஒரு பத்திரிகை விதித்த இந்தச் சிறிய நிபந்தனை ஒரு தலைமுறையின் சங்கீதத்தையே திருப்பிவிட்டது. அனடோலியா கிராமங்களின் பாட்டுகளைக் கிதாரில் வாசிக்கப் புகுந்த இளைஞர்களில் பாரிஷ் மான்சோவும் ஜெம் கராஜாவும் தேசமறிந்த பாடகர்களானார்கள். எர்கின் கோராய் என்பவர் பாலாமா என்னும் நீண்ட கழுத்துடைய நாட்டு வாத்தியத்துக்கே மின்சாரம் கொடுத்தார். அங்கே மெட்டுகளில் நம்முடைய கமகங்களைப்போல ஸ்வரங்களுக்கிடையே நெளிந்து செல்லும் குணம் இருக்கிறபடியால், அந்தக் காலத்துத் துருக்கித் தட்டுகளைத் தமிழர் கேட்டால், முதல் நிமிஷத்திலேயே தெரிந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருக்கும்.

மற்ற தேசங்களைச் சுருக்கமாகவே சொல்லிப் போகிறேன். பெரு தேசத்தில் லாஸ் சைகோஸ் என்ற குழு 1965-லேயே, ஸ்பானிய மொழியில், யாரையும் பின்பற்றாத ஒரு காட்டுக் கூச்சலைத் தட்டில் பதித்துவிட்டது. தென் கொரியாவில், அமெரிக்க ராணுவ முகாம்களில் வாசித்துப் பழகிய ஷின் ஜுங் ஹியூன், தம் மொழியில் அற்புதமான கனவுப் பாட்டுகளை அமைத்தார். 1972-ல் ஜனாதிபதியைப் புகழ்ந்து பாட்டெழுத மறுத்தார். 1975-ல் கஞ்சா வழக்கில் கைதானார்; அவருடைய பாட்டுகளும் தடை செய்யப்பட்டன. ஜாம்பியாவில், தாமிரச் சுரங்கப் பிரதேசத்துப் பிள்ளைகள், ‘விட்ச்’, ‘அமனாஸ்’ என்ற பெயர்களில் குழுக்கள் அமைத்து, ஆங்கிலத்தோடு பெம்பா முதலிய தாய்மொழிகளையும் கலந்து பாடினார்கள். தாமிரத்தின் விலை சரிந்தபோது அவர்களுடைய தொழிலும் சரிந்தது. ‘விட்ச்’ குழுவின் பாடகர் ஜகாரி சாண்டா பிற்காலத்தில் ரத்தினக் கற்கள் தோண்டப் போனார்.

கம்போடியாவின் கதையைச் சுருக்க மனம் வரவில்லை. அந்நாளில் தேசத் தலைவராக இருந்த சிஹானுக் இளவரசரே பாட்டுக் கட்டியவர். அவர் ஆதரவில் வளர்ந்த புனோம் பென் நகரத்துக்கு, அண்டையில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைகளின் வானொலி இரவெல்லாம் ராக் இசையைக் கொண்டுவந்து கொட்டியது. சின் சிசாமுத் என்ற இனிய குரல் படைத்த பாடகரும், ரோஸ் செரே சோத்தியா, பான் ரோன் என்ற பாடகிகளும், கெமர் மொழியின் பழைய சுழிப்புகளை ஒரு துளியும் விடாமல், கரகரக்கும் கிதாரின் மேல் பாடினார்கள். 1975 ஏப்ரல் 17-ந் தேதி கெமர் ரூஜ் படை தலைநகருக்குள் நுழைந்தது. அடுத்த நான்கு வருஷங்களுக்குள் அந்தத் தேசத்தில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மேலே சொன்ன மூவரும் அவர்களில் அடங்குவர் என்றே கருதப்படுகிறது. இருபது வருஷங்களுக்குப் பிறகு, சுற்றுலாப் பயணியாகப் போன ஓர் அமெரிக்கர் அங்கே வாங்கிவந்த கேசட்டுகளிலிருந்து தொகுக்கப்பட்ட பாட்டுகள் 1996-ல் ஒரு தட்டாக வெளிவந்தபோது, பாடியவர் பெயரோ பாட்டின் பெயரோ அதில் இல்லை. உலகத்தின் பல மூலைகளில் இருந்த ரஸிகர்களும் அகதிகளாய்ச் சிதறிய கம்போடியர்களும் குரலை அடையாளம் கண்டு, ஒவ்வொரு பெயராக மீட்டார்கள். மாண்டவர்களுக்குச் செய்யக்கூடிய கடன்களில் இது உயர்ந்த ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்த இசையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடுவது, சிம்லா என்ற சிகரெட்டை விற்பதற்காக இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியை. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் போன்ற குழுக்கள் தேசத்தின் நாலாபக்கத்திலிருந்தும் வந்து வாசித்தன. சென்னைப் பையன்களும் போனார்கள். 1970, 1971 ஆகிய இரண்டு வருஷத்துப் போட்டிகளிலிருந்தும் இரண்டு தட்டுகள் வெளிவந்து, இன்று பெருவிலை கொடுத்துத் தேடப்படுகின்றன. கல்கத்தாவிலிருந்து வந்த ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை இவர்களுக்கு வேதபுத்தகம்போல இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில், சபையர் தியேட்டரின் அடித்தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ என்ற இரவு விடுதியில், 1969-ல், காஞ்சீவரம் சேலையும் நெற்றிப்பொட்டுமாக ஒரு தமிழ்ப் பெண் மேடையேறி, கனத்த குரலில் மேல்நாட்டுப் பாட்டுகளைப் பாடி, வந்தவர்களை வாய்பிளக்க வைத்தார். அவர்தான் உஷா ஐயர், பிற்காலத்து உஷா உதுப். சிதாரையும் மூக் என்னும் மின்னணு வாத்தியத்தையும் இணைத்து, உதயசங்கரின் புதல்வர் ஆனந்த சங்கர் 1970-ல் அமெரிக்காவில் பதிவு செய்த தட்டும் இந்தக் கணக்கில் சேரும்.

இவற்றில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிம்லா பீட் பையன்கள் பாடியது ஆங்கிலம். கேட்டது பெருநகரங்களின் கல்லூரி மாணவர் கூட்டம். அந்தக் கூட்டம் கலைந்ததும் பாட்டும் கலைந்துவிட்டது. துருக்கிப் போட்டியின் அந்த ஒரு நிபந்தனை இங்கே யாருக்கும் தோன்றவில்லை. 1975-ல் கல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் ‘மஹீனேர் கோராகுலி’ என்ற குழுவை அமைத்து வங்காளியில் பாடியது அபூர்வமான விலக்கு. அன்று அவர்களைப் பொருட்படுத்தியவர் சிலரே. இருபது வருஷம் கழித்து வங்காள இளைஞர்கள் அவர்களைத் தேடிக் கண்டெடுத்தார்கள்.

அப்படியானால் தமிழில் இந்த இசை இல்லையா? இருந்தது, ஏராளமாக இருந்தது. கார் கொட்டகையில் இல்லாமல், கோடம்பாக்கத்துப் பதிவுக்கூடங்களில் இருந்தது. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில், வேலையிழந்த கதாநாயகன் தோழர்களோடு முதலாளி வீட்டெதிரே கூடாரமடித்து ஆர்ப்பரிக்கும் பாட்டில், எம். எஸ். விஸ்வநாதனும் (எம். எஸ். வி.) ராமமூர்த்தியும் வைத்திருக்கும் கிதாரையும் தாளத்தையும் கவனித்துக் கேட்டால், அதே ஆண்டில் உலகெங்கும் இளைஞர்களைப் பிடித்து ஆட்டிய துடிப்பு அப்படியே இங்கேயும் இருப்பது புலப்படும். வேறுபாடு என்னவென்றால், இங்கே அது தமிழில் வேலை கேட்கிறது. 1967-ல் ஏ. சி. திருலோகசந்தரின் இயக்கத்தில் ஏ. வி. எம். வெளியிட்ட ‘அதே கண்கள்’ படத்துக்கு வேதா அமைத்த இசையை இந்த வகையில் தமிழின் தலையாய தட்டு என்று தயங்காமல் சொல்வேன். ஹிந்தி மெட்டுகளைத் தமிழுக்கு இசைவிக்கும் வேலையே பெரும்பாலும் வாய்த்த வேதாவுக்கு, தம் சொந்தக் கற்பனையைக் காட்டக் கிடைத்த அருமையான வாய்ப்பு அது. கொலைமர்மக் கதைக்கு வேண்டிய திகிலையும், இருபது வயதின் குதூகலத்தையும் கிதார் தந்தியிலும் ஆர்கன் கட்டையிலுமாக அவர் கொட்டி வைத்தார். இத்தகைய இசைக்கென்றே பிறந்தது எல். ஆர். ஈஸ்வரியின் குரல், இழுக்கவும் சிரிக்கவும் மூச்சைத் தாளமாக்கவும் அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது.

நம் சினிமாவுக்குள் இப்படி ஓர் இசை ஒளிந்திருக்கிறதென்று மேல்நாட்டார் அறிந்துகொண்டதும் சினிமா வழியாகத்தான். 1965-ல் வந்த ‘கும்நாம்’ என்ற ஹிந்திப் படத்தில், முகமூடி அணிந்த ஆட்டக்காரர்களோடு டெட் லயன்ஸ் குழுவினர் தோன்றும் நடனக் காட்சியை, 2001-ல் ‘கோஸ்ட் வேர்ல்டு’ என்ற அமெரிக்கப் படம் தன் தொடக்கத்திலேயே காட்டியபோது, அந்நியர் பலர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். அதற்கு ஈடான தமிழ்ப் பாட்டுகள் அவர்கள் கண்ணில் படாமல் போயின.

இலங்கைத் தமிழரையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும். 1960-களின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினமும், ஏ. ஈ. மனோகரனும், கிதாரையும் பைலா தாளத்தையும் கொண்டு, பேச்சுத் தமிழிலேயே பாடி வளர்த்த பொப்பிசை, இலங்கை வானொலி வழியாக நம் தெற்குச் சீமைக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது. மனோகரனின் ‘சுராங்கனி’யை 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா எடுத்தாண்டார். இளையராஜாவே, பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் பயின்று, ஜி. கே. வெங்கடேஷ் முதலியவர்களுடைய வாத்தியக் கூட்டத்தில் கிதாரும் காம்போ ஆர்கனும் வாசித்தவர் என்பது இந்த விஷயத்தில் நினைவில் வைக்கத்தக்கது. அமெரிக்கக் கார் கொட்டகைகளில் ஒலித்த அதே ஜாதி ஆர்கன் அது.

இப்பொழுது ஆலங்குளத்துக்கு வரலாம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலந்தொட்டு மின்சாரக் கம்பிகள் கிராமம் கிராமமாகப் போனபோது, அவற்றின் பின்னாலேயே போனது மைக்செட்டு. பங்குனியிலோ சித்திரையிலோ அம்மன் கோவில் பொங்கல் சாட்டியதும், சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சி வந்து இறங்குவார். வேம்பின் உச்சியில் இரண்டு குழாய்களைத் திசைக்கொன்றாகக் கட்டுவார். வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேறும் வரையில் யாரையும் பக்கத்தில் அண்டவிடமாட்டார். தகரப் பெட்டியைத் திறந்து, உறைகளில் நிற்கும் தட்டுகளில் ஒன்றை உருவி, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் பற்றி, துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, ஊசியை இறக்குவார். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டு. வெயில் ஏற ஏற சினிமாப் பாட்டு. சுழலும் தட்டின் மேல் நாய்ப் படமும் சேர்ந்து சுழல்வதைப் பார்க்கப் பிள்ளைகள் மொய்த்துக்கொள்ளும். சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து பயர் ஆபீஸ் வேலை முடிந்து கைவிரல்களில் வெள்ளிநிறத் தூளோடு திரும்பும் ஜனங்கள், ஊர் எல்லை சேர்வதற்கு முன்பே பாட்டைக் கேட்டுவிடுவார்கள்.

குழாய் ஒலிபெருக்கியின் சுபாவம் ஒன்று உண்டு. தாழ்ந்த நாதங்களை அது விழுங்கிவிடும். உச்சத்தில் உள்ள நுண்மைகளையும் விடும். நடுவில் உள்ளதை மட்டும் பன்மடங்காக்கி, கண்மாய்க்கு அப்பாலும் கொண்டுபோய் எறியும். ஆகவே வயலின் கூட்டத்தின் இழைவு பாதி வழியில் மறைந்துபோக, கிதாரும் டிரம்பெட்டும் ஆர்கனும் ஈஸ்வரியின் குரலும் முழுசாக வந்து சேர்ந்தன. அதோடு, திறத்துக்கு மேல் ஏற்றப்பட்ட ஆம்ப்ளிஃபயரும், வருஷக்கணக்கில் மழையில் நனைந்த குழாயும், அந்தக் கிதாருக்குத் தம் பங்காக ஒரு கரகரப்பைச் சேர்த்தன. டேவ் டேவிஸ் பிளேடால் கீறிப் பெற்ற அந்த நாதம், யாரும் வேண்டாமலே, வேப்பமரத்து உச்சியிலிருந்து இந்தச் சீமையின் மேல் பொழிந்தது. எம். எஸ். வி.யின் கிதார், பதிவுக்கூடத்தில் கேட்டதைவிட முரடாகவும், ஆகவே உலகத்து மற்ற கராஜ் இசைக்கு இன்னும் நெருங்கியதாகவும் இங்கே கேட்டிருக்க வேண்டும் என்பது என் துணிபு. கரிசல்காட்டு ஜனங்கள் அதை ராக் என்று சொல்லவில்லை. ரெக்கார்டு என்று சொன்னார்கள். சாமியாட்டத்துக்கும் பிள்ளைகள் ஆட்டத்துக்கும் நடுவில் அதற்கும் ஓர் ஆட்டம் வைத்திருந்தார்கள்.

அந்தத் தகரப் பெட்டியில் இருந்த தட்டுகளும் தனிச் சிறப்புடையவை. மேல்நாடுகளில் அரக்குத் தட்டுகள் மறைந்து வருஷங்களான பிறகும், இந்தியாவில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் கிராமங்களில் இருந்தபடியால், 78 சுற்றுத் தட்டுகள் 1960-களின் நடுவைத் தாண்டியும் கல்கத்தாவை அடுத்த டம்டம் தட்டு ஆலையில் அச்சாகிக்கொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாட்டுகளே இங்கே அந்த உருவத்தில் வெளிவந்தன. உலகத்துச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றுக்குக் கேட்ட விலை கொடுக்கிறார்கள்.

ஆனால் நம் தட்டுகளில் ஒரு குறை உண்டு. படத்தின் பெயர் இருக்கும். பாடியவர், பாட்டெழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் இராது. எம். எஸ். வி.யின் கூட்டத்தில் கிதார் வாசித்த பிலிப்ஸ், அக்கார்டியன் மங்களமூர்த்தி, டிரம்ஸ் நோயல் கிராண்ட், உதவியாக நின்ற ஹென்றி டேனியல் என்று சிலரையே நாம் அறிகிறோம்; அதுவும் எம். எஸ். வி.யோடு பழகியவர்கள் மேடைகளில் சொல்லித்தான். மற்றவர்கள்? சிவகாசியில் அச்சான தீப்பெட்டி லேபிள்களும் வெடிக்கட்டுப் படங்களும் இன்று பல தேசங்களில் ஆல்பங்களில் ஒட்டிக் காக்கப்படுகின்றன. அவற்றின் செம்மஞ்சளும் ஊதாவும் சான் பிரான்சிஸ்கோவின் சைகடெலிக் சுவரொட்டிகளுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. அவற்றை எழுதிய சித்திரக்காரர்களின் பெயரையும் எவரும் குறித்து வைக்கவில்லை. கொலைக்களத்தில் பெயரிழந்த கம்போடியப் பாடகர்களின் பெயர்களை மீட்டவர்கள் இருக்கும்போது, சமாதான காலத்தில், சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்டு வாசித்த நம்மவர்களின் பெயர்களை நாம் இழப்பதற்கு நியாயமே இல்லை.

கேட்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை இது. முதலில் ‘அதே கண்கள்’. ஒரு தடவை குரலை ஒதுக்கிவிட்டுக் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை ஆர்கனை. அடுத்து ரோஸ் செரே சோத்தியா. அதற்கும் பிறகு துருக்கியின் செல்டா பாஜான் என்னும் பாடகி, எர்கின் கோராய். சிம்லா பீட் தட்டுகள் கடைசியில் இருக்கட்டும். இதற்கிடையில், சாத்தூர், இராஜபாளையம், சிவகாசி, ஆலங்குளம் பக்கத்து வாசகர்கள் தங்கள் ஊரின் பழைய சவுண்டு சர்வீஸ் வீட்டுக்கு ஒரு முறை போய்வர வேண்டும். தட்டுகள் பரணில் படுக்கையாக அடுக்கப்பட்டிருந்தால் வளைந்துவிடும். நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசித்த பெரியவர் எவரேனும் தெருவில் இருந்தால், அந்தக் கிதார் எங்கே வாங்கியது, யாரிடம் கற்றது, உடன் டிரம்ஸ் வாசித்தவர் யார், எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பாட்டை ஜனங்கள் திரும்பக் கேட்டார்கள் என்று விசாரித்து, அவர் சொல்லச் சொல்லத் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.